முன்குறித்தலா, மனித விருப்பமா? வேலூர்ப் பக்கத்துச் சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமர் 9ஆம் அதிகாரம் வரும் வாரத்தில் வேதபாட வகுப்பு நேரத்துக்கு முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் என்று எங்கே போனாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைத் தொகுத்து எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவன், ஞாயிறு பள்ளி ஆசிரியன், போதகர் அல்ல. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது போகப்போகத் தெரிந்துவிடும்.

சண்டை எதைப் பற்றி? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒரே பிரசங்கத்தை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேர் கேட்கிறார்கள். ஒருவர் மனந்திரும்புகிறார், மற்றவர் மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? தேவன் உலகத்தோற்றத்துக்கு முன்னே முதலாமவரைத் தெரிந்துகொண்டதால், அதாவது தேர்ந்தெடுத்துக்கொண்டதால், வந்தது என்பது ஒரு பதில். முன்குறித்தல் என்பது இதுதான்; 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் பெயரால் கால்வினிசம் என்றும் சொல்வார்கள். இருவருக்கும் கிருபை நீட்டப்பட்டது, ஒருவர் ஏற்றார், ஒருவர் தள்ளினார் என்பது இன்னொரு பதில். முதல் பதிலைச் சொல்கிறவரிடம், "அப்படியானால் தள்ளினவன்மேல் குற்றம் சுமத்துவது எப்படி நியாயம்?" என்று கேட்கலாம். இரண்டாவது பதிலைச் சொல்கிறவரிடம், "அப்படியானால் உன் இரட்சிப்பில் உன் சாமர்த்தியத்துக்கும் பங்கு உண்டோ?" என்று கேட்கலாம். இரண்டுமே நல்ல கேள்விகள். 1600 வருஷமாக இது தீராமல் இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "மனிதன் தன் சொந்த பலத்தால் தேவனிடம் வரமுடியும்" என்று இந்த இரண்டு கட்சிகளில் எதுவும் சொல்லவில்லை. கிருபை முந்திக்கொள்ளாவிட்டால் ஒன்றும் நடக்காது என்று, இரண்டாவது பதிலின் பக்கம் நின்ற டச்சு இறையியலர் அர்மினியுஸும் சொன்னார், மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியும் சொன்னார். அந்தக் கிருபையை மறுக்க முடியுமா என்பதில்தான் பிரிகிறார்கள்.

வேதத்தில் எந்த வசனங்களை வைத்து வாதாடுகிறார்கள்?

தெரிந்துகொள்ளுதல் பக்கம்: ரோமர் 8:29, 30, ரோமர் 9 முழுவதும், எபேசியர் 1:4, "என்னை அனுப்பின பிதா ஒருவனை இழுத்துக்கொள்ளாவிட்டால் அவன் என்னிடத்தில் வரமாட்டான்" என்கிற யோவான் 6:44.

மனித விருப்பத்தின் பக்கம்: "எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படவும்" என்று தொடங்கும் 1 தீமோத்தேயு 2:4, 2 பேதுரு 3:9, "யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்று தெரிந்துகொள்ளுங்கள்" என்ற யோசுவா 24:15, எருசலேமைப் பார்த்து இயேசு "உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று" என்று வருந்தும் மத்தேயு 23:37.

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் இடமும் உண்டு. பிலிப்பியர் 2:12இல் "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்கிறார் பவுல். அடுத்த வசனத்திலேயே, விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவன்தான் என்கிறார். நடுவில் இருக்கும் இணைப்பு "ஆனாலும்" அல்ல, "ஏனெனில்". இந்த இரண்டு வசனங்களையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள் என்று வகுப்பில் சொல்வேன். பாதிப்பேர் கேட்கமாட்டார்கள்.

கால்வினிசம் யூடியூபில் வந்த புதுசு, நம்ம சபைக்குச் சம்பந்தமில்லாதது என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

நம்ம சபைக்கு இதைவிடப் பழைய சம்பந்தம் வேறு எதற்கும் இல்லை. 1853இல் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் என்ற ஸ்கடர் சகோதரர்கள் மூவர் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அவர்களுடைய தாய்ச்சபை அமெரிக்காவில் இருந்த, கால்வின் வழிவந்த டச்சு சீர்திருத்தச் சபை. அந்தச் சபையின் விசுவாச அறிக்கைகள் மூன்று: 1561இன் பெல்ஜிக் அறிக்கை, 1563இன் ஹைடல்பர்க் வினாவிடை, அப்புறம் 1619இல் முடிந்த டார்ட் மாமன்றத்தின் தீர்மானங்கள். முன்குறித்தலை இம்மி பிசகாமல் வரையறுத்த ஆவணம் அந்த மூன்றாவதுதான். ஆகவே இன்று "ரிஃபார்ம்டு" என்று சட்டையில் அச்சடித்துக்கொண்டு வரும் தம்பிமார் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. தாத்தா பரணில் போட்ட பெட்டியைத் திறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் பெரியவர்கள் சொல்வதிலும் ஒரு பாதி உண்மை இருக்கிறது. 1908இல் பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் வழிச் சபைகள் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை உருவானது. அந்த ஐக்கிய சபையும் ஆங்கிலிக்கன் சபையும் மெதடிஸ்டு சபையும் இணைந்து 1947 செப்டம்பர் 27 அன்று சி.எஸ்.ஐ. பிறந்தது. ஆங்கிலிக்கருக்கு 39 பிரமாணங்கள் இருந்தன. அதில் 17ஆவது, தெரிந்துகொள்ளுதலை எண்ணுவது பக்தியுள்ளவர்களுக்குச் சொல்லமுடியாத ஆறுதல் என்கிறது. அதே மூச்சில், வீண் ஆராய்ச்சிக்காரருக்கு இது ஆபத்தான படுகுழி என்று எச்சரிக்கிறது. மெதடிஸ்டுகளோ வெஸ்லியின் பிள்ளைகள். 1784இல் அமெரிக்க மெதடிஸ்டுகளுக்காக வெஸ்லி இந்தப் பிரமாணங்களைச் சுருக்கியபோது அந்த 17ஆவதை அப்படியே எடுத்துவிட்டார்.

இந்த மூன்று வீட்டாரும் ஒரே கூரையின்கீழ் வந்தார்கள். சேரும்போது அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தையும் நிசேயா விசுவாசப் பிரமாணத்தையும் அடிப்படையாக வைத்துக்கொண்டார்கள். டார்ட் தீர்மானங்களில் கையெழுத்துப் போடு என்று யாரையும் கேட்கவில்லை. அதனால் சி.எஸ்.ஐ. பெஞ்சில் கால்வினும் வெஸ்லியும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம். உட்கார்ந்துதான் இருக்கிறார்கள், தங்களுக்கே தெரியாமல்.

அந்த டார்ட் மாமன்றத்தில் என்னதான் நடந்தது?

யாக்கோபு அர்மினியுஸ் ஹாலந்தில் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1609இல் இறந்தார். அவர் வழியில் வந்த போதகர்கள் 1610இல் ஐந்து அம்சங்கள் கொண்ட மனு ஒன்றைக் கொடுத்தார்கள். விசுவாசிப்பவர்களை இரட்சிப்பதென்று தேவன் தீர்மானித்தார், கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார், கிருபை இல்லாமல் மனிதனால் நன்மை ஒன்றும் முடியாது, ஆனால் அந்தக் கிருபையை எதிர்த்து நிற்க முடியும் என்பவை முதல் நான்கு. ஐந்தாவது, விசுவாசி விழுந்துபோக முடியுமா என்பது. அதைப் பற்றி இன்னும் வேதத்தை ஆராயவேண்டும் என்று அப்போது திறந்தே விட்டார்கள். எனக்குப் பிடித்த அம்சம் அதுதான்.

இதற்குப் பதில் சொல்லத்தான் 1618 நவம்பர் முதல் 1619 மே வரை ஹாலந்தின் டார்ட்ரெக்ட் (சுருக்கமாக டார்ட்) நகரில் மாமன்றம் கூடியது. இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, ஜெர்மானிய நாடுகளிலிருந்தும் பிரதிநிதிகள் வந்தார்கள். பிரெஞ்சு சபையாரை அவர்களுடைய ராஜா விடவில்லை. அவர்களுக்குப் போட்ட இருக்கைகள் காலியாகவே கிடந்தன. அர்மினியுஸ் பக்கத்தாரை விவாதத்துக்கு அல்ல, விசாரணைக்குத்தான் அழைத்தார்கள். ஜனவரியில் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய ஐந்து அம்சங்களுக்கும் எதிராக எழுதிய தீர்மானங்களே இன்று "கால்வினிசத்தின் ஐந்து அம்சங்கள்" எனப்படுகின்றன. கால்வின் 1564லேயே இறந்துவிட்டார். அந்த ஐந்தை அவர் பட்டியல் போட்டதில்லை. டூலிப் என்ற ஐந்தெழுத்துச் சுருக்கமும் 20ஆம் நூற்றாண்டில் வந்ததுதான்.

மாமன்றத்துக்குப் பின்னால் அரசியலும் இருந்தது. நாட்டின் பெரிய ராஜதந்திரி ஓல்டன்பார்னவெல்ட் அர்மினியக் கட்சிக்கு ஆதரவு. இளவரசர் மௌரிஸ் எதிர்க்கட்சி. மாமன்றம் முடிந்த சில நாளிலேயே எழுபது வயது தாண்டிய ஓல்டன்பார்னவெல்டின் தலையை வெட்டினார்கள். ஏறக்குறைய 200 போதகர்கள் வேலை இழந்தார்கள். சட்ட மேதை குரோஷியஸுக்கு ஆயுள் சிறை. அவர் 1621இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு கோட்டையிலிருந்து தப்பினார். கிருபையைப் பற்றிப் பேசக் கூடின கூட்டத்தின் பின்விளைவு இது. டார்ட் தீர்மானங்களை நான் மதிக்கிறேன், பின்னால் எடுத்தும் காட்டப்போகிறேன். ஆனால் அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது குரலை உயர்த்தினால் ஓல்டன்பார்னவெல்டின் ஞாபகம் வந்துவிடுகிறது.

அதற்கு முன்னால் யாரும் இதைப் பேசவில்லையா?

பேசினார்கள். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எல்லாம் கிருபை என்ற அகஸ்தீனும், மனிதன் தன் விருப்பத்தாலேயே நல்லவனாக முடியும் என்ற பெலாஜியுஸும் மோதினார்கள். 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸின் போதனையைத் தள்ளியது. 1524இல் டச்சு அறிஞர் எராஸ்மஸ் மனித விருப்பத்துக்காக எழுத, 1525இல் சீர்திருத்தத் தலைவர் லுத்தர் "உன் விருப்பமே அடிமைப்பட்டது" என்று பதில் எழுதினார். மற்ற விஷயங்களை விட்டுவிட்டு வேர்ப் பிரச்சினையைத் தொட்டவர் நீர் ஒருவர்தான் என்று எராஸ்மஸை அதில் பாராட்டவும் செய்தார். லுத்தரிடம் பாராட்டு வாங்குவது லேசு இல்லை.

ஆம்பூரில் எங்கள் சொந்தக்காரர்கள் லுத்தரன். அவர்கள் எந்தக் கட்சி?

இரண்டிலும் இல்லை. 1577இல் எழுதப்பட்ட லுத்தரன் அறிக்கையின் 11ஆவது பிரிவு இப்படிப் போகிறது: இரட்சிக்கப்படுகிறவன் தேவன் தெரிந்துகொண்டதால் இரட்சிக்கப்படுகிறான், கெட்டுப்போகிறவன் தன் குற்றத்தால் கெட்டுப்போகிறான், கெட்டுப்போவதற்கென்று தேவன் யாரையும் முன்குறிக்கவில்லை. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று கேட்டால், பொருத்திக் காட்ட எங்களுக்குக் கட்டளை இல்லை என்பார்கள். தர்க்கம் தெரிந்தவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு வயது ஏற ஏற இது நேர்மையான பதிலாகவே படுகிறது.

ஆம்பூர்ப் பகுதியில் ஊழியம் செய்த மிசௌரி லுத்தரன் மிஷனின் தாய்ச்சபையே இதே விஷயத்தில் வீட்டுச் சண்டை பார்த்ததுதான். 1880 வாக்கில், முன்கூட்டியே விசுவாசத்தைப் பார்த்துத்தான் தேவன் தெரிந்துகொண்டாரா, வெறும் கிருபையாலா என்று கேள்வி எழுந்தது. வெறும் கிருபையால்தான் என்றார் மிசௌரி சபையின் இறையியலர் வால்தர். அமெரிக்காவின் இன்னொரு லுத்தரன் சபையான ஒஹாயோ சபையார் 1881இல் உறவை முறித்துக்கொண்டு போனார்கள். ஆம்பூர் கன்கார்டியா பள்ளியின் பெயரைப் பார்த்திருப்பீர்கள். லுத்தரன் அறிக்கைகளின் தொகுப்புக்கும் அதே பெயர். இணக்கம் என்று அர்த்தம்!

பெந்தெகொஸ்தே, பிரதரன் சபைகள்?

பெந்தெகொஸ்தே பாஸ்டர்மார் பெரும்பாலும் அர்மினியச் சாய்வு உள்ளவர்கள். பின்மாற்றக்காரன் இரட்சிப்பை இழப்பான் என்று பிரசங்கிப்பார்கள். பிரதரன் சபைகளில் பொதுவாக "ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் என்றைக்கும் இரட்சிக்கப்பட்டவனே" என்பார்கள். ஆனால் டார்ட் சொல்லும் மற்ற நாலையும் எல்லாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

கத்தோலிக்கருக்கு இந்தத் தலைவலி இல்லையே?

இருந்தது. மொலினா என்ற இயேசு சபைக் குரு 1588இல் ஒரு வழி சொன்னார்: எந்தச் சூழ்நிலையில் எந்த மனிதன் எதைத் தானாகவே தெரிந்தெடுப்பான் என்பது தேவனுக்குத் தெரியும், அதை அறிந்தே உலகத்தை நடத்துகிறார். தொமினிக்கன் குருமார் இதை ஏற்கவில்லை. ரோமாபுரியில் வருஷக்கணக்காக விசாரணை நடந்தது. கடைசியில் 1607இல் போப் ஐந்தாம் பவுல், ஒருவரை ஒருவர் பதிதர் என்று சொல்லாதீர்கள் என்று இரு தரப்பையும் அனுப்பிவைத்தார். தீர்ப்பு இன்னும் வரவில்லை. நரகத்துக்கென்று தேவன் யாரையும் முன்குறிப்பதில்லை என்பது மட்டும் அவர்களுக்கு உறுதியான போதனை.

அண்ணா, இது நம்ம தலையெழுத்துதானே? பேர் மட்டும் வேற.

முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. இல்லை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட மனம் வரவில்லை. "ஊழிற் பெருவலி யாவுள" என்று கேட்ட வள்ளுவரே, சோர்வில்லாமல் உழைப்பவர் "ஊழையும் உப்பக்கம்" காண்பார் என்றும் எழுதியிருக்கிறார். நம் ஊரிலும் இந்த இழுபறி பழசுதான். ஸ்ரீவைஷ்ணவத்தில் தென்கலையார் பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போவதையும், வடகலையார் குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதையும் உதாரணம் சொல்வார்கள். டார்ட்டில் நடந்த விவாதத்தை நம் ஊர்க்காரருக்கு ஒரு நிமிஷத்தில் விளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இஸ்லாமியரிடமும் இறைவிதியைப் பற்றிய விவாதம் உண்டு. வாணியம்பாடி நண்பர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் தலையெழுத்து என்று நாம் சாதாரணமாகச் சொல்லும்போது அதில் முகம் இல்லை. எழுதியாகிவிட்டது, படிக்கமுடியாது, யாரிடமும் முறையிடவும் முடியாது. ரோமர் 8இல் முன்குறிக்கிறவர் தம் சொந்தக் குமாரனென்றும் பாராமல் ஒப்புக்கொடுத்தவர். அவரிடம் ஆபிரகாம் பேரம் பேசினான், யோபு வழக்காடினான், எசேக்கியா சுவரைப் பார்த்து அழுதான்.

அப்படியானால் ஒருவன் எந்தச் சேரியில் பிறந்தான் என்பதும் தேவன் முன்குறித்ததுதானா? அவன் அங்கேயே கிடக்கவேண்டுமா?

இந்தக் கேள்வியை வடஆற்காட்டில் கேட்காமல் வேறு எங்கே கேட்பது. இங்கே சபைகள் பெரும்பாலும் யாருடைய வியர்வையில் கட்டப்பட்டன என்று எல்லாருக்கும் தெரியும்.

வேதத்தில் தெரிந்துகொள்ளுதல் வரும் இடங்களைப் பாருங்கள். மூத்தவனான ஏசா விடப்பட்டு இளையவனான யாக்கோபு தெரிந்துகொள்ளப்படுகிறான். எல்லா ஜனங்களிலும் கொஞ்சமான ஜனம் தெரிந்துகொள்ளப்படுகிறது. "உலகத்தின் இழிவானவைகளையும், அற்பமாய் எண்ணப்பட்டவைகளையும்" தேவன் தெரிந்துகொண்டார் என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார் பவுல். பிறப்பால் வந்த மேன்மையைக் கவிழ்ப்பதற்குத்தான் இந்த உபதேசம் அங்கே வருகிறது. அதைப் பிறப்பால் வந்த தாழ்வுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தினால் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தலைகீழாகப் பிடித்தவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் டச்சு சீர்திருத்தச் சபை நிறவெறிக்கு வேதத்தையே துணைக்கு அழைத்தது. 1982இல் உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு அதைத் துர்உபதேசம் என்று அறிவித்தது. அந்த நாட்டின் கலப்பின மக்களுடைய சீர்திருத்தச் சபையில் நிறவெறியை எதிர்த்துப் பிறந்த பெல்ஹார் அறிக்கையை, ஆற்காடு மிஷனை அனுப்பிய அதே அமெரிக்கச் சபை 2010இல் தன் நான்காவது அறிக்கையாக ஏற்றுக்கொண்டது. டார்ட்டுக்குப் பக்கத்தில் இப்போது பெல்ஹாரும் இருக்கிறது. சாதிக்கென்று தனிக் கல்லறைத் தோட்டத்துக்காக மல்லுக்கட்டும் சபையார் யாராவது இருந்தால் இரண்டையும் சேர்த்து வாசிக்கலாம்.

எல்லாம் ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது என்றால் ஜெபம் எதற்கு, மருந்து எதற்கு?

அப்போஸ்தலர் 27ஐ எடுங்கள். புயலில் சிக்கிய கப்பல், 276 பேர். "உங்களில் ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது" என்று தேவதூதன் வாக்குக் கொடுத்ததாகப் பவுல் சொல்கிறார். விஷயம் முடிந்தது, இனி தூங்கலாம். ஆனால் கப்பலாட்கள் படகை இறக்கி நழுவப் பார்த்தபோது அதே பவுல் நூற்றுக்கு அதிபதியிடம், "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்" என்கிறார். சேவகர் கயிற்றை அறுத்துப் படகைத் தாழ விழவிடுகிறார்கள். அப்புறம் எல்லாரையும் சாப்பிடச் சொல்கிறார், கோதுமையைக் கடலில் கொட்டுகிறார்கள், நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதிக்கிறார்கள், மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொள்கிறார்கள். எல்லாரும் கரைசேர்கிறார்கள். வாக்கு நிறைவேறிய வழி அந்தக் கயிறும் பலகையும்தான்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் இருந்துகொண்டு மருந்து எதற்கு என்று கேட்பவரிடம் இதற்குமேல் என்ன சொல்ல. சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு "கர்த்தர் சித்தம்" என்று உட்கார்ந்திருப்பவர் கால்வினிஸ்டும் அல்ல, அர்மினியரும் அல்ல.

ஐடா ஸ்கடரை மருத்துவராக்க தேவன் மூன்று பெண்களைச் சாகவிட்டாரா?

நம் ஊரில் எல்லா ஞாயிறு பள்ளியிலும் சொல்லும் கதை இது. வேலூர் சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, உடல்நலம் குன்றிய தாயைப் பார்க்க 1890களில் திண்டிவனம் வந்திருந்தார். திரும்பிப் போய் அங்கேயே வாழ்வதாக எண்ணம். ஓர் இரவு மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, வீட்டுக் கதவைத் தட்டினார்கள்: ஒரு பிராமணர், ஒரு இஸ்லாமியர், இன்னொரு இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் அப்பா மருத்துவர்தான். ஆனால் ஆண் மருத்துவர் பெண்ணைத் தொடுவதை அந்தக் குடும்பங்கள் ஏற்கவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. மறுநாள் காலைக்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899இல் பட்டம் வாங்கி, 1900இல் வேலூரில் ஒரே கட்டிலோடு வைத்தியசாலை தொடங்கினார். 1902இல் 40 கட்டில் ஆஸ்பத்திரி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

ஒரு வகுப்பில் பிளஸ் டூ படிக்கும் பெண் கேட்டாள்: "சார், அந்த மூணு பேர் பேர் என்ன?" யாருக்கும் தெரியவில்லை. கதையில் அவர்கள் ஐடாவின் அழைப்புக்குக் காரணமாக வருகிறார்கள், போய்விடுகிறார்கள்.

உறுதியான கால்வினிஸ்டு சொல்வார்: நடப்பது எதுவும் தேவனுடைய தீர்மானத்துக்கு வெளியே இல்லை, ஆனாலும் பாவத்துக்கு அவர் கர்த்தா அல்ல. 17ஆம் நூற்றாண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை சொல்வதும் அதுதான். அர்மினியர் சொல்வார்: தேவன் அனுமதித்தார், தீர்மானிக்கவில்லை. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த கணவனுக்கு இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் தெரிந்திருக்கும்?

எனக்கு வழி காட்டுவது யோசேப்பு. "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்று ஆதியாகமம் 50இல் சொல்கிறவர் குழியில் தள்ளப்பட்டவர். அதே வார்த்தையைத் தள்ளிவிட்ட சகோதரர்கள் சொல்லியிருந்தால்? "நாங்கள் விற்றதால்தானே நீ அதிபதியானாய்?" காது கூசும். வாக்கியம் ஒன்றுதான், யார் வாயிலிருந்து வருகிறது என்பதில் அது விசுவாசமாகவோ அக்கிரமமாகவோ மாறிவிடுகிறது. ஐடா தன் வாழ்க்கையைப் பற்றி, "அந்த இரவில் தேவன் என்னை அழைத்தார்" என்று சொல்லலாம். அந்த மூன்று கணவர்களிடம் போய், "இதற்காகத்தான் உங்கள் மனைவி இறந்தாள்" என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

முன்குறித்தலைப் பற்றி என் நிலை மொத்தமும் இதுதான். என்னைப் பற்றிச் சொல்லும்போது அது நன்றி. அடுத்தவரைப் பற்றிச் சொல்லும்போது பெரும்பாலும் தீர்ப்பு. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு "கர்த்தர் சித்தம்மா" என்று அடுத்தவரிடம் சொல்லும் அத்தைமார் மாமாமார் தயவுசெய்து பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவாருங்கள், போதும்.

இன்னொன்று. அந்தச் சாவுகளுக்கு மனிதக் காரணம் இருந்தது: பெண் மருத்துவர் இல்லை, ஆண் மருத்துவரைத் தொடவிடாத வழக்கம் இருந்தது. ஐடா தேவசித்தத்தை நம்பினார், அந்தக் காரணத்தையும் நேராகப் பார்த்தார். அதனால்தான் தான் மட்டும் மருத்துவரானது போதாதென்று நம் ஊர்ப் பெண்களை மருத்துவராக்கினார்.

நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா என்று எப்படித் தெரியும்? ராத்திரி தூக்கம் வரவில்லை.

இந்தப் பயம் கால்வின் காலத்திலேயே இருந்தது. தெரிந்துகொள்ளுதலை உனக்குள்ளே தேடாதே, கிறிஸ்துவே அதைப் பார்க்கும் கண்ணாடி என்று அவர் எழுதினார். டார்ட் தீர்மானங்களின் முதல் பகுதியில் 16ஆவது பிரிவு இப்படிப்பட்டவர்களுக்கென்றே எழுதப்பட்டது: உறுதியான விசுவாசத்தை இன்னும் உணராதவர்கள், ஆனாலும் வேதவாசிப்பையும் ஜெபத்தையும் விடாதவர்கள், தள்ளப்பட்டவர்களைப் பற்றிய பேச்சைக் கேட்டுக் கலங்கவேண்டாம், தங்களை அந்தக் கணக்கில் சேர்க்கவும் வேண்டாம். டார்ட்டுக்காரர்களைக் கல்நெஞ்சர் என்று நினைப்பவர்கள் இதை வாசிப்பதில்லை. தூக்கம் வராத அளவுக்கு இது உங்களை வருத்துகிறதென்றால் உங்கள் ஆயரிடம் போய் மனம்விட்டுப் பேசுங்கள்.

ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் குழந்தை இறந்துவிட்டது. என்ன ஆகும்?

டார்ட் தீர்மானங்களில் அடுத்த பிரிவைப் பாருங்கள், 17ஆவது. விசுவாசிகளின் குழந்தை சிறுவயதிலேயே எடுத்துக்கொள்ளப்பட்டால், அதன் தெரிந்துகொள்ளுதலையும் இரட்சிப்பையும் பெற்றோர் சந்தேகிக்கக்கூடாது. காரணம், உடன்படிக்கை பிள்ளைகளுக்கும் உரியது. ஞானஸ்நானம் ஆயிற்றா இல்லையா என்ற பேச்சே அங்கே இல்லை. இந்த ஊர்ச் சபைகளின் பழைய அறிக்கையில் இருப்பது இது. அந்தத் தாயிடம் வேறு எதையாவது சொல்லிப் பயமுறுத்துகிறவரை அவர்கள் வீட்டுப் படி ஏறவிடாதீர்கள்.

எங்க பாட்டி இயேசுவைப் பற்றிக் கேள்விப்படாமலே போயிட்டாங்க. அவங்க முன்குறிக்கப்படலையா?

லூக்கா 13இல் ஒருவன், "இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலபேர்தானோ" என்று கேட்டான். இயேசு எண்ணிக்கை சொல்லவில்லை. "நீ நுழையப் பார்" என்ற மாதிரிதான் பதில் வந்தது. யோவானுக்கு என்ன ஆகும் என்று பேதுரு கேட்டபோதும், "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்றார். பாட்டியைப் பற்றி "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்ற ஆபிரகாமின் கேள்வியோடு நிற்கிறேன். அதற்குமேல் உறுதியாகப் பேசுகிறவர், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, தன் கையில் இல்லாத பட்டியலை வாசிக்கிறார்.

கல்யாணத் துணையும் முன்குறிக்கப்பட்டதா?

ரோமர் 8 பேசுவது வரன் பார்ப்பதைப் பற்றி அல்ல. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் ரூத் வசனம் வந்தது, அதனால் இந்தப் பெண்தான் என்று முடிவுகட்டுவதும் தெரிந்துகொள்ளுதல் உபதேசம் அல்ல. பெண்ணிடம் கேளுங்கள். அவளுக்கும் ஒரு சித்தம் உண்டு.

வாலிபர் கூடுகையில் இதனால் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. என்ன செய்ய?

வெஸ்லியும் ஜார்ஜ் விட்ஃபீல்டும் நண்பர்கள். 1739இல் வெஸ்லி முன்குறித்தலுக்கு எதிராகக் காரசாரமாகப் பிரசங்கித்து அச்சிட்டார். விட்ஃபீல்ட் பகிரங்கக் கடிதம் எழுதி மறுத்தார். இயக்கமே இரண்டாகப் பிளந்தது. கருத்து கடைசிவரை மாறவில்லை. ஆனால் நட்பு திரும்பியது. விட்ஃபீல்ட் 1770இல் அமெரிக்காவில் இறந்தபோது, அவருடைய விருப்பப்படி லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. அடுத்த கூடுகையில் ஒரு மாற்றம் செய்து பாருங்கள்: கால்வினிஸ்டுத் தம்பி எழுந்து வெஸ்லியின் வாதத்தை, வெஸ்லியே ஒத்துக்கொள்ளும்படி சொல்லட்டும். அப்புறம் மற்றவர் டார்ட்டின் வாதத்தை. சண்டை நிற்காது, ஆனால் தரம் கூடும்.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

ரோமர் 8 முதல் 11 முடிய, ஒரே உட்காரலில். 9இல் நிறுத்தினால் குயவனும் களிமண்ணும் மட்டும் மனதில் தங்கும். 10இல் "கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுகிற எவனும் இரட்சிக்கப்படுவான்" வருகிறது. 11இல் விழுந்துபோனவர்கள் மறுபடியும் ஒட்டவைக்கப்படுவது வருகிறது. அதன் கடைசியில் பவுல் வாதத்தை விட்டுவிட்டு, அவருடைய வழிகள் ஆராயப்படாதவைகள் என்று துதிக்க ஆரம்பித்துவிடுகிறார். டார்ட் தீர்மானங்களை அப்புறம் எடுங்கள். முதல் பகுதியின் 16, 17ஐத் தாண்டிப் போய்விடாதீர்கள்.